ராகு காலம் கழிந்து வந்த வண்டி

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள். அம்மா. அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. பேறு பார்க்க வந்த வயத்தாட்டி. பக்கத்து வீட்டுச் சேச்சி. தம்பி, அவனுக்கு இரண்டு வயது. நான், எனக்கு ஒன்பது. அப்பா இல்லை. ஐலண்டில் கப்பலுக்கு மூட்டை ஏற்றப் போயிருந்தார். சேச்சியின் புருஷன் அவரைக் கூட்டிவரப் படகேறியிருந்தார்.

வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஏழு பேர்.

நம் தமிழ்ச் சங்கத்துக்குப் புது ஆம்புலன்ஸ் வருகிறது என்றார்கள். அதற்கு ஒரு சிறப்பு மலர் அச்சடிக்கிறார்கள். முதல் வண்டியைப் பார்த்த வயதானவர்கள் ஞாபகம் இருப்பதை எழுதித் தரச் சொன்னார்கள். நான் நாலாம் கிளாஸ் வரை படித்தவள், அதுவும் மலையாளத்தில். தமிழ், அப்பா கரியால் சுவரில் எழுதிக் காட்டியது. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

வண்டி வருவதற்கு முன்னால் நம் ஆட்களில் யாருக்காவது முடியாமல் போனால் நாற்காலிதான். மூங்கிலில் நாற்காலியைக் கட்டி நாலு பேர் தோளில் வைத்து மட்டாஞ்சேரி ஜெட்டிக்குத் தூக்கிப் போவார்கள். அங்கிருந்து படகு. அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபடி நாலு பேர். உங்களில் என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். படகுக்குக் காத்திருக்கும்போதே மூச்சு நின்று போனவர்கள் உண்டு.

அப்புறம்தான் பிடியரிசி பிடித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சங்கத்திலிருந்து சாக்கோடு வந்து வாங்கிப் போவார்கள். அரிசியை விற்று வண்டி. இரண்டு வருஷம் பிடித்தது. அம்மா தவறாமல் போட்டாள். இல்லாத நாளில் எங்கள் கஞ்சியில் குறைத்துப் போட்டாள். வண்டி வந்த அன்று தெருவே போய்ப் பார்த்தது. அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நான் போட்ட அரிசிக்கு இந்தப் பின் டயர் இருக்கும்" என்றாள்.

அது முன்னே ரொட்டி ஏற்றின வண்டி. வெள்ளை அடித்துச் சிவப்புச் சிலுவை போட்டிருந்தார்கள். வெயில் அடித்தால் உள்ளே இருந்து ரொட்டி வாசம் வரும், டெட்டால் வாசத்தையும் மீறி. உள்ளே பச்சைக் கித்தான் கட்டின ஸ்ட்ரெச்சர் ஒன்று. விளிம்பு உதிர்ந்த எனாமல் பேசின் ஒன்று. முன்னால் டிரைவர் கைக்கு எட்டும்படி ஒரு பித்தளை மணி, கயிறு கட்டி. அந்த மணி இப்போது எங்கே என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

டிரைவர் சேட்டன் பட்டாளத்தில் லாரி ஓட்டினவர். நாங்கள் குழந்தைகள் போய் நின்றால் உள்ளே ஏற விடுவார்.

"இருந்துக்கோ. படுக்கக் கூடாது. படுத்தா நேரே அக்கரைதான்."

"படுத்தா என்ன சேட்டா?"

"படுத்தா நீ சீக்குக்காரி. நான் மணி அடிக்கணும். கை நோவுது எனக்கு."

மணிக்கு ஒரு முறை இருந்தது. உயிரோடு இருப்பவரை ஏற்ற வந்தால் மணி அடித்துக்கொண்டு வரும். செத்தவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வந்தால் மணி கிடையாது. மெல்ல வரும். ஒரே வண்டிதான் இரண்டுக்கும். மணிச் சத்தம் கேட்டால் குழந்தைகள் பின்னால் ஓடுவோம். சத்தமில்லாமல் வந்தால் பெரியவர்கள் கதவைச் சாத்துவார்கள்.

அந்த வருஷம் மழை விடவில்லை. கர்க்கடக மாதம், நம் ஆடி. தெருவில் கணுக்கால் தண்ணீர். குடோன்களில் சுக்கு பூத்துப்போகும் என்று வாசல் திண்ணைகளில் எல்லாம் விரித்துவைத்திருந்தார்கள். அம்மா யூதர்கள் இருந்த ஜூ டவுன் பக்கம் ஒரு குடோனில் சுக்கு பிரிக்கிறவள். ஒன்பதாம் மாதம் வரைக்கும் போனாள். அவள் சேலையிலும் விரலிலும் சுக்கு நெடி. எனக்கு அதுதான் அம்மா வாசம்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. விடியும்போது வலி வந்தது. வயத்தாட்டி வெற்றிலை மென்றுகொண்டு வந்தாள். வழக்கம்போல அத்தைக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை.

"அந்தத் துப்பல வெளியில துப்பிட்டு வா. என் வீட்டுல சிவப்பு பாக்க வேண்டாம் எனக்கு."

"இவள் பெறுமோ, நீ பெறுமோ? ஒதுங்கி நில்லு."

அம்மா சிரித்தாள். அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு மேல் ரத்தம் வரத் தொடங்கியது. நிற்கவில்லை. உச்சி கழிந்து ஒன்றரைக்கு வயத்தாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டாள். "என் கையில நிக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். உக்காரவெச்சு ரிக்ஷாவுல கொண்டுபோகக் கூடாது. படுத்தே போகணும்" என்றாள். சேச்சியின் புருஷன் அப்பாவைக் கூப்பிட ஓடினார். தெருவில் வேறு ஆண்கள் இல்லை, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அத்தை என் தோளைப் பிடித்துச் சொன்னாள். "சங்கத்துக்கு ஓடு. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், உடனே வண்டி வேணும்னு சொல்லு."

ஓடினேன். தண்ணீரில் ஒரு செருப்பு போனது. மற்றதையும் உதறிவிட்டு ஓடினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டேதான் போனேன். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

சங்கத்து முற்றத்தில் பாதாம் மரத்தடியில் வண்டி நின்றது. டிரைவர் சேட்டன் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவரை எழுப்பவில்லை. வண்டி வேண்டுமென்றால் கணக்குப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும் என்று தெரியும்.

கணக்குப்பிள்ளை பாலக்காட்டுக்காரர். வயதானவர். நல்ல தமிழ் பேசுவார். எங்கள் தெருத் தமிழ் அப்படி அல்ல. பாதி மலையாளம். எங்கள் வீட்டில் குழந்தையைத் தூக்கு என்று யாரும் சொல்வதில்லை. எடு என்போம். தம்பி கையை நீட்டி "எடு, எடு" என்று அழுவான். தூக்குவதற்கு எனக்குத் தெரிந்த வார்த்தை அது. அம்மாவால் எழுந்திருக்க முடியாது, யாராவது தூக்க வேண்டும், இதுதான் என் மனசில் இருந்தது.

"என்ன கொழந்தே, இந்த மழையில?"

"அம்மாவ எடுக்கணும். வண்டி வேணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரசவமா?"

"ஆமா."

"எப்ப ஆச்சு?"

"காலைல."

"கொழந்தை?"

"வயித்துல."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா எங்க?"

"ஐலண்டுல."

"ஆள் போயிருக்கா?"

"போயாச்சு."

"எப்ப எடுக்கணும்னு சொன்னா?"

"சீக்கிரம்."

அவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் கிட்டப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஆகப் போகிறது. "மூணுக்குள்ள ஆகாது. அப்பா வரணும், குளிப்பாட்டணும்" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னிடம், "மூணுலேந்து நாலரை ராகு காலம். அது கழிஞ்சு வண்டி வரும்னு அத்தைகிட்ட சொல்லு. எல்லாம் சங்கத்துலேந்து கொண்டு வருவா. அப்பா ஒண்ணும் அலைய வேண்டாம்" என்றார்.

அந்த வார்த்தைகளில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. குளிப்பாட்டுவது, பிள்ளை பிறந்தால் குளிப்பாட்டுவார்கள் அல்லவா, அது என்று நினைத்தேன். ராகு காலத்தில் அம்மாவும் வெளியே கிளம்ப மாட்டாள். ஆம்புலன்ஸும் அப்படித்தான் போல.

"சாயா குடிக்கிறயா?"

"வேண்டாம்."

அவர் வாங்கித் தந்தார். அவரே ஆற்றிக் கொடுத்தார். என் தலையில் கை வைத்து, "அழாத. நீ அழாமதான் இருக்க. தைரியமான கொழந்தை" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். சூடாக இருந்தது, இனிப்பாக இருந்தது. வீட்டில் அந்த இனிப்பு கிடையாது. அதை நான் அவசரமில்லாமல் குடித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வெளியே வரும்போது அவர் டிரைவரிடம் பேசுவது கேட்டது. "சுமங்கலி. பஜார்ல நல்ல பூவா வாங்கிக்கோ."

அம்மாவுக்குப் பூ வருகிறது என்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

"வண்டி?" என்றாள் அத்தை.

"நாலரைக்கு மேல வரும்."

"அவ்வளவு நேரமா? வேற எங்கயோ போயிருக்கும் போல" என்று அத்தையே சொல்லிக்கொண்டாள். வண்டி மரத்தடியில் நிற்பதை நான் பார்த்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சேச்சி கதவோரம் நின்றாள். "அக்கா, நாலரை வரைக்கும் நிக்கண்டாம். என் ஆளோட உந்துவண்டி வெளியில கிடக்கு. பாய் விரிச்சுப் படுக்கவெச்சு நம்ம தள்ளிக்கொண்டு போகலாம். இங்க பக்கத்துல உள்ள ஆஸ்பத்திரிக்கு அரை மணிக்கூர் போதும்."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொளகு மூட்டை ஏத்துற வண்டியிலயா? என் தம்பி பொண்டாட்டி என்ன மூட்டையா? பஜார் வழியா நாலு பேர் பாக்கத் தள்ளிட்டுப் போகணுமா?"

"பாக்கட்டே. பாத்தா என்ன?"

"உனக்கு ஒண்ணுமில்ல. எங்களுக்குச் சங்கத்து வண்டி இருக்கு. அரிசி போட்டிருக்கோம்."

வயத்தாட்டியும் அத்தை பக்கம் நின்றாள். குலுங்கினால் ரத்தம் கூடும் என்றாள். அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. சேச்சி தம்பியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள், அவனுக்குக் கஞ்சி கொடுக்க.

நான் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவள் முகம் சோற்றுக் கஞ்சி நிறத்துக்கு வந்திருந்தது. கை சில்லென்று இருந்தது. விரலில் சுக்கு நெடி மட்டும் போகவில்லை.

"வண்டி வருதா?"

"வரும். பூவும் வாங்கிட்டு வருவாங்க."

"ஆம்புலன்ஸ்ல பூவா?"

அத்தை அடுப்படியிலிருந்து, "பேத்துக்குப் போறவளுக்குச் சங்கத்துல பூ வைப்பாங்களா இருக்கும். புது வழக்கம்" என்றாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "பூ அப்புறம் வைக்கட்டும். என் டயர் எங்க, அதைச் சீக்கிரம் உருட்டிட்டு வரச் சொல்லு" என்றாள்.

நாலு மணிக்கு அப்பா வந்தார். முழுக்க நனைந்திருந்தார். வண்டி நாலரைக்கு வரும் என்று அத்தை சொன்னாள். அவர் அம்மாவைப் பார்த்தார், ரத்தத்தில் ஊறியிருந்த கடைசித் துணியைப் பார்த்தார். "சங்கத்துக்கு நான் ஒருக்காப் போயிட்டு வரட்டா?" என்றார். "இன்னும் அரை மணி நேரம்தானே. நீ போயிட்டா தூக்க ஆள் பத்தாது." என்றாள் அத்தை. அவர் நின்றுவிட்டார். அம்மாவைப் பாயோடு நடையில் வாசலைப் பார்க்கக் கிடத்தினார்கள், வந்ததும் ஏற்றலாம் என்று.

எல்லோரும் மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தோம்.

மணி அடிக்கவில்லை. மழைச் சத்தத்தில் வண்டி வந்ததே தெரியவில்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்துவதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு வண்டி வாசலில் நின்றது. டிரைவர் சேட்டன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். பின் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு பச்சை மூங்கில். கயிற்றுக் கட்டு. புதுப் பானை. சிவப்புக் கோடிச் சேலை. வாழை இலையில் பொதிந்த மாலை, மேலே மல்லிகை தெரிந்தது.

அவர் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "எல்லாரும் பாத்தாச்சோ?"

அப்பாவுக்குப் புரியவில்லை. அத்தைக்கும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. அவள் மூங்கிலைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தாளா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கோபம் இல்லை. என்னைப் பாவம் என்று பார்த்தாள்.

டிரைவர் சேட்டன் அப்போதுதான் கீழே பார்த்தார். அம்மாவின் கண் திறந்திருப்பதைப் பார்த்தார். "தெய்வமே" என்று ஒரு முறை சொன்னார். மூங்கிலை இழுத்துத் தெருத் தண்ணீரில் போட்டார். பானையைப் போட்டார், உடைந்தது. ஸ்ட்ரெச்சர் இல்லை. மூங்கிலுக்கு இடம் வேண்டும் என்று சங்கத்திலேயே இறக்கிவைத்துவிட்டார்கள். பாயோடு அம்மாவைத் தூக்கி வெறும் தகரத்தில் கிடத்தினார்கள். அப்பாவும் வயத்தாட்டியும் ஏறினார்கள். நான் ஏறப் போனேன். அத்தை இழுத்துக்கொண்டாள். வண்டி தெரு முனை திரும்புகிற வரை மணி அடித்தது. அதற்கு அப்புறமும் கேட்டது. பள்ளுருத்தி ரோடு வரை கேட்டதாகச் சிலர் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது போய்விட்டாள். வயிற்றோடு போனது பெண்.

மறுநாள் வண்டி மணியில்லாமல் திரும்ப வந்தது. தெருத் தண்ணீரில் கிடந்த அதே மூங்கிலைத்தான் கழுவி எடுத்துக் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் அப்பா சங்கத்துக்குப் போனார். என்னையும் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பத்துப் பேர் முன்னால் கணக்குப்பிள்ளையைக் கன்னத்தில் அடித்தார். கண்ணாடி விழுந்தது.

"உயிரோட இருக்கிறவளுக்குப் பாடை அனுப்பினியேடா. குடிச்சிருந்தியா?"

கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் குனிந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை.

"தப்பு என் பேர்ல" என்றார்.

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குடித்துவிட்டுச் செய்தார் என்று தெருவில் நிலைத்துவிட்டது. அவர் வெற்றிலைகூடப் போடாதவர். போன மலரில்கூட, ஊழியர் ஒருவரின் பொறுப்பின்மையால் ஓர் உயிர் போனது என்று அச்சில் இருக்கிறது. பொடி எழுத்து, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் இருந்த வரைக்கும் கணக்குப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோபம்தான் அவரை எழுப்பி வேலைக்கு அனுப்பியது, அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தை உந்துவண்டியைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் வாசலில் அது நிற்கும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். தம்பி கையை நீட்டி "எடு" என்று அழுதால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். அவன் நடந்தே பழகினான்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் ஆன பிறகு, ஒருநாள் திருப்பூணித்துறை பஸ் ஸ்டாண்டில் கணக்குப்பிள்ளையைப் பார்த்தேன். ரொம்ப ஒடுங்கியிருந்தார். கையில் மருந்துப் பை. அவர்தான் அடையாளம் கண்டுகொண்டார்.

"சௌக்கியமா கொழந்தே?"

"சௌக்கியம்."

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"உயிர் இருக்கான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஒரு கொழந்தைகிட்ட அதை எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். அவரும் அப்புறம் போய்ச் சேர்ந்தார். மன்னிப்பு நான் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

புது வண்டியில் ஆக்ஸிஜன் இருக்கிறதாம். சைரன் இருக்கிறதாம். செத்தவர்களுக்கு ஐஸ் பெட்டி வைத்துத் தனி வண்டி. நல்லது. போன் எடுக்கிறவர் முதலில் உயிர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். போட்டாலும் கேட்பார்களா, தெரியாது. அழாமல் நிற்கிற குழந்தையிடம் யாருக்கும் அது வாயில் வராது.

இந்த மலரிலாவது அவர் குடித்திருந்தார் என்று போடாதீர்கள். பொறுப்பின்மை என்றும் போடாதீர்கள். அவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், ஒன்றைத் தவிர. நான் பதில் சொன்னேன். ராத்திரியும் பகலும் அதை விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மேஜைக்கு முன்னால் நின்று நான் சொன்ன வார்த்தைகள் மொத்தம் பதினொன்று.